விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்: பழைய பெட்ரோல் காரில் கோளாறைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பழைய மாருதி 800, ஆம்னி, ஜென் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு குலுக்கல், இழுவை குறையும், சைலன்சரில் 'டொப்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலச் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே வராது. "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார். இரண்டு நாளில் மறுபடி ஆரம்பிக்கும். அடுத்த தடவை பிளக்கை மாற்றுவார், அதற்கடுத்த தடவை கேபிள், பிறகு காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் பாகம்), கடைசியில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) சர்வீஸ். பணம் கரையும், மிஸ்ஸிங் மட்டும் போகாது.

இதில் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணெதிரே வராத கோளாறை அவர் எப்படிப் பார்ப்பார்? எப்போது, எந்த நிலையில் வருகிறது என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அதனால் பாதி வேலை உங்களுடையது. மீதிப் பாதியிலும் நிறைய வேலைகளை வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துத் தரும் பாகம்), பிளக் கேபிள் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

மிஸ்ஸிங் என்றால் சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் அந்தச் சுற்றில் எரியாமல் அப்படியே வெளியே போவது. எரிவதற்கு மூன்று வேண்டும்: நேரத்துக்கு வரும் நல்ல ஸ்பார்க், சரியான கலவை, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஷன். விட்டு விட்டு வரும் கோளாறில் கம்ப்ரெஷன் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் போக வேண்டும். இன்று தேய்ந்த பிஸ்டன் ரிங் நாளைக்கு வளராது. எனவே முதலில் கரண்ட், அடுத்து பெட்ரோல், கடைசியில் கம்ப்ரெஷன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நிஜமாகவே மிஸ்ஸிங்தானா?

மாருதி 800-இன் 796 சிசி இஞ்சினில் மூன்றே சிலிண்டர். மூன்று சிலிண்டர் இஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருந்தால் இன்னும் அதிகமாக ஆடும். அதை மிஸ்ஸிங் என்று நினைத்து பிளக் மாற்றியவர்கள் நிறையப் பேர். இஞ்சினை ஐடிலில் விட்டு, சைலன்சர் வாய்க்கு அருகே ஒரு துண்டுத் தாளைப் பிடியுங்கள். புகை ஒரே சீராகத் தாளைத் தள்ளினால் ஆட்டம் மவுண்டில்தான். நடுநடுவே தட்டு விட்டுப்போனால் மிஸ்ஸிங். தாளை அவ்வப்போது உள்பக்கம் இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்று சந்தேகிக்கலாம். அதைக் குறித்து வையுங்கள், கம்ப்ரெஷன் பார்க்கும்போது உதவும்.

ஓடும்போது இன்னொரு வித்தியாசம் தெரியும். கரண்ட் கட்டாகும் மிஸ்ஸிங் வெட்டினாற்போல வரும், வெட்டினாற்போலப் போகும். பெட்ரோல் பற்றாமல் வருவது அப்படியில்லை. வண்டி மெல்ல மெல்லத் திணறும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனால் தேறிக்கொள்ளும். இந்த ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடிந்தாலே மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால்

ஒரு வாரத்துக்கு எதையும் கழற்ற வேண்டாம். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு போட்டு, மிஸ்ஸிங் வரும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி எழுதுங்கள். இஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? எந்த கியர், என்ன வேகம்? மேடா, சமதளமா? மழையா? ஏசி ஓடியதா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் வாங்கும் ஒவ்வொரு பாகமும் சூதாட்டம்.

ஒரு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாயும்.

டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், அல்லது பாலம் ஏறும்போது மட்டும் வந்தால், பிளக்கையும் கேபிளையும் பாருங்கள். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் கலவை நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட் தேவை. அப்போது கரண்ட் சுலபமான வழியைத் தேடும். கேபிளில் வெடிப்போ டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் (மூடியில்) கீறலோ இருந்தால் அந்த வழியாக இஞ்சின் பாடிக்கு ஓடிவிடும். ஐடிலில் அவ்வளவு வோல்ட் தேவைப்படாததால் அதே இஞ்சின் அப்போது ஒழுங்காக ஓடும். வாசலில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவது இதனால்தான். லோடு இல்லாமல் கொடுக்கும் ரேஸ் எதையும் நிரூபிக்காது.

காலையில் அல்லது மழையில் மட்டும் என்றால் ஈரம். கேப், கேபிள், பிளக் குழி. வாட்டர் சர்வீஸ் விட்டுவந்த மறுநாள் ஆரம்பித்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரஷரில் அடித்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஐடிலில் மட்டும் வந்து, வேகத்தில் மறைந்தால் வேக்குவம் லீக் (இஞ்சினுக்குள் தப்பு வழியாகக் காற்று நுழைவது), கார்புரேட்டரின் ஐடில் ஜெட் அடைப்பு, டப்பெட் (வால்வு) இடைவெளி. நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாகப் போனால் மட்டும் என்றால் பெட்ரோல் வருவது போதவில்லை. அரை மணி ஓடிச் சூடானபின் மட்டும் வந்து, நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிறது என்றால் காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி விடும் எலக்ட்ரானிக் பாகம்).

காஸ் (எல்.பி.ஜி.) போட்ட வண்டி என்றால் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மிஸ்ஸிங் வரும்போது ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் மட்டும் வந்தால் பெட்ரோல் வரும் வழியில் கோளாறு. இரண்டிலும் வந்தால் கரண்ட் அல்லது கம்ப்ரெஷன். காஸில் மட்டும் வந்தால் உடனே காஸ் கிட்டைக் குறை சொல்லாதீர்கள். எல்.பி.ஜி. கலவையைப் பற்றவைக்க ஸ்பார்க்குக்கு வலு கூடுதலாக வேண்டும். தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிட்டு காஸில் மாட்டிக்கொள்ளும்.

வேண்டிய சாமான், கவனிக்க வேண்டியவை

பிளக் ஸ்பானர் (பழைய வண்டிகளில் பெரும்பாலும் 21 எம்எம், பிந்தையவற்றில் 16), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சாதாரண மல்டிமீட்டர், டார்ச், தண்ணீர் தெளிக்க ஸ்ப்ரே பாட்டில், உதிரியாக ஒரு நல்ல பிளக், கொஞ்சம் மாஸ்கிங் டேப். அவ்வளவுதான்.

ஓடும் இஞ்சினில் பிளக் கேபிளைக் கையால் பிடுங்காதீர்கள். அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் இஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள்

இஞ்சின் ஆறட்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கேபிளிலும் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதுங்கள். பிளக் குழியில் உள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளை ஒரு அட்டையில் அதே வரிசையில் வையுங்கள். கலந்துவிட்டால் அவை உங்களிடம் சொல்ல இருந்ததெல்லாம் போச்சு.

நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் முனை இளம் பழுப்பாக இருக்கும். காய்ந்த கரி படிந்து எல்லாமே கறுப்பாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது சோக் முழுக்கத் திறக்கவில்லை. ஒன்று மட்டும் கறுப்பாக அல்லது பெட்ரோல் நனைந்து இருந்தால் மிஸ் ஆவது அந்த சிலிண்டர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வால்வு சீல் அல்லது ரிங். வெளுத்துப்போயிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

அடுத்து வெள்ளைப் பீங்கான் பகுதியை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலில் கோடு கிழித்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், கரண்ட் உள்ளே போகாமல் வெளிப்பக்கமாக ஓடிய தடம் அது. துடைத்தால் போகாது. அந்த பிளக்கையும், அதன் மேல் உட்கார்ந்த கேபிள் ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றினால், ரப்பருக்குள் இருக்கும் அதே தடம் புது பிளக்கையும் சீக்கிரமே கெடுத்துவிடும். பீங்கானின் அடிப்பக்கம், இரும்பைத் தொடும் இடத்தில், சுற்றிவர மங்கலான பழுப்புக் கறை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கெடுதல் செய்யாத கறை. அதைக் காட்டி "பிளக் லீக்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

இடைவெளியை ஃபீலர் கேஜில் அளங்கள். கார்புரேட்டர் வண்டிகளுக்கு 0.7 முதல் 0.8 எம்எம் என்பது வழக்கமான அளவு. எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் 1 எம்எம் ஒட்டி இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதே இறுதி. திரும்ப மாட்டும்போது கையாலேயே முழுக்கத் திருகி உட்காரவைத்து, வாஷர் உள்ள புது பிளக் என்றால் ஸ்பானரில் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பிளக் விலையில் நிற்காது.

மிஸ்ஸிங் தொடர்ந்து இல்லாமல் எப்போதாவது வருகிறது, பிளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்றால் ஒரு வழி உண்டு. சுத்தமான பிளக் போட்டு ஓட்டுங்கள். மிஸ்ஸிங் வந்த உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஐடிலில் விடாமல் இஞ்சினை நிறுத்துங்கள். ஆறியபின் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் விட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

இருட்டில் பானட்டைத் திறங்கள்

எனக்குப் பிடித்த சோதனை இதுதான், காசும் செலவில்லை. இரவில் தெருவிளக்கு படாத இடத்தில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் மெல்லிய சாரலாகக் கேபிள்கள் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேலும் தெளியுங்கள். ஊற்ற வேண்டாம், பனி பட்டது போல இருந்தால் போதும். கெட்டுப்போன கேபிள் என்றால் அதன் மேல் நீல நூல் ஓடுவது தெரியும், கூடவே 'டிக் டிக்' என்ற சத்தம். இஞ்சின் அந்த நொடியே தடுமாறும். எந்தக் கேபிள் என்று டேப் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலி கடித்த கேபிளும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். மாடிப்படிக்குக் கீழே நிறுத்தும் வண்டிகளில் எலியைச் சந்தேகப் பட்டியலில் மேலேயே வைக்கலாம்.

மறுநாள் பகலில் கேபிள்களைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நீளமான கேபிளுக்கு ரீடிங் கூடுதலாகத்தான் வரும். அளக்கும்போது கேபிளை மெல்ல வளையுங்கள். ரீடிங் குதித்தாலோ காணாமல் போனாலோ உள்ளே அறுந்திருக்கிறது. ஒன்று கெட்டால் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடுவது நல்லது, மற்றவையும் அதே வயதுதானே.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மயிரிழை போலக் கரிக்கோடு, முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு, நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கார்பன் உடைந்திருப்பது — இவற்றில் எது இருந்தாலும் கேப் மாற்ற வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டுவது தற்காலிகம். கேப்புக்குள் சுற்றும் ரோட்டரின் முனை தீய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரோட்டர் உட்காரும் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகம் என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயிண்ட் (மாட்யூலுக்குப் பதில் காயில் கரண்டை வெட்டி விடும் தொடுமுனை) உள்ள மிகப் பழைய வண்டியில் பாயிண்ட் இடைவெளி ஆடிக்கொண்டே இருப்பதற்கும் அதுவே காரணம்.

எந்த சிலிண்டர்?

இன்னும் தெரியவில்லை என்றால், மிஸ்ஸிங் வந்து நிலைத்து நிற்கும் நேரத்தில் இஞ்சினை நிறுத்தி, ஒரு கேபிளைக் கழற்றி, உதிரி பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி இஞ்சின் உலோகத்தை நன்றாகத் தொடும்படி கட்டிவைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் கேபிள் இல்லாமல் இஞ்சின் தடுமாறும். கெட்ட சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் தெரியாது. கேபிளைச் சும்மா காற்றில் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள், போக வழியில்லாத கரண்ட் காயிலையோ மாட்யூலையோ உள்ளுக்குள் துளைத்துவிடும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) கட்டாயமானது. அது உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் சில நொடிகளில் முடித்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது சூட்டில் சிவக்கப் பழுத்துக் கெட்டுவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிஸ் ஆகிற வண்டிக்கு இன்னும் எளிய வழி: முதல் நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எது மெதுவாகக் காய்கிறதோ அந்த சிலிண்டர் எரியவில்லை.

சூடானால் மட்டும் வருகிறதா?

காயிலுக்குள் இருக்கும் கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து, ஏதோ ஓர் இடத்தில் விட்டுப்போகும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். கடையில் ஆறிய காயிலை அளந்து "நல்லாருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மிஸ்ஸிங் நடக்கும்போதே நிறுத்தி, காயில் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈரத்துணியைக் காயில் மேல் கொஞ்ச நேரம் வைத்து (இஞ்சினை நிறுத்திவிட்டு, கனெக்‌ஷன் நனையாமல்), மறுபடி ஓட்டிப் பாருங்கள். சரியானால் ஆள் சிக்கிவிட்டான்.

காயில் வாங்க ஓடுவதற்கு முன் அதற்கு வரும் ஒயரை ஆட்டிப் பாருங்கள். பேட்டரி டெர்மினல், இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை, இக்னிஷன் ஸ்விட்ச் — இவற்றில் ஒரு லூஸ் கனெக்‌ஷன் காயில் கெட்டது போலவே நடிக்கும்.

பெட்ரோல் பக்கம்

பெட்ரோல் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். மிஸ்ஸிங் வரும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துவிட்டு வண்டி சரியாகிறது என்றால் டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் 800-இல் பெட்ரோல் பம்ப் இஞ்சினோடு ஓடும் டயாஃப்ரம் வகை. டயாஃப்ரம் இற்றுப்போனால் வேகத்தில் பெட்ரோல் பற்றாது.

பெட்ரோலும் முன்பு போல இல்லை. எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 20 சதவீதக் கலப்பு 2023-இல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரைக் காலப்போக்கில் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடியில் தண்ணீரும் வண்டலும் தங்கி, குலுங்கும்போதெல்லாம் ஜெட்டில் ஏறும். பள்ளத்தில் இறங்கி ஏறிய உடனே மிஸ்ஸிங் வருகிறது என்று நோட்டில் எழுதியிருந்தால் அங்கே பாருங்கள். பெட்ரோல் ஹோஸ்களைக் கையால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம்.

வேக்குவம் லீக்குக்கு பிரேக் பூஸ்டர் ஹோஸ், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட், சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள். ஹோஸை ஒவ்வொன்றாகக் கிடுக்கியில் நசுக்கி ஐடில் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். சூடான இஞ்சின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கத்தைப் புதியவர்கள் விட்டுவிடலாம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால்

ஸ்கேனர் போட்டு பி0300 என்ற கோளாறு எண் (கோடு) வந்தால் எந்த சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301, பி0302 என்றால் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். இந்தியாவில் முழு ஓ.பி.டி.-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் முறை) கட்டாயமானது 2013-இல்தான், அதற்கு முந்தைய பல வண்டிகள் இவ்வளவு தெளிவாகப் பேசாது. கோடு வந்தாலும் அது பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. பி0302 வந்தால், காயில் தனித்தனியாக உள்ள வண்டியில் 2-ஆம் காயிலை 3-க்கு மாற்றிப்போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், அடுத்து இன்ஜெக்டர் என்று இதே போல இடம் மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும். சென்சார் கனெக்டர்களை ஐடிலில் ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

கடைசியாக கம்ப்ரெஷன்

முதலில் டப்பெட். எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி இறுகிப்போனால் சூட்டில் வால்வு முழுக்க மூடாது. குளிரில் நன்றாகவும் சூட்டில் ஐடிலில் மிஸ்ஸாகவும் ஓடும். ரொம்ப நாள் காஸில் ஓடிய வண்டியில் இது சகஜம்.

கம்ப்ரெஷன் கேஜை எந்தப் பட்டறையிலும் வைத்திருப்பார்கள். எல்லா பிளக்கும் கழற்றி, காயில் கனெக்‌ஷனையும் (எம்.பி.எஃப்.ஐ. என்றால் இன்ஜெக்டரையும்) பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எண்களுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டத்தில் ஹெட் இறக்க வேண்டியிருக்கும், அது பட்டறை வேலை.

எதைச் சரிசெய்தாலும், நோட்டில் எழுதிய அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். பாலத்தில் வந்தது என்றால் அதே பாலம், அதே கியர். மழையில் வந்தது என்றால் இரவில் ஸ்ப்ரே பாட்டில். கழற்றிய பாகங்களில் கெட்டுப்போகாதவை இருந்தால் தேதி எழுதி டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை இடம் மாற்றிப் பார்க்க, நல்லது என்று தெரிந்த ஒரு காயிலோ கேபிளோ கையில் இருந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை.